பாக்டீரியா மின்கலமும் பாலாற்றுக் குரோமியமும்

பாக்டீரியாக்கள் கழிவுநீரைத் தூய்மை செய்யும், கூடவே மின்சாரமும் தரும், குரோமியத்தையும் அகற்றிவிடும். நுண்ணுயிர் மின்கலத்தைப் பற்றி இப்படி எழுதுவோர் தோல் பதனிடும் ஆலைகளையே உதாரணம் காட்டுவது வழக்கம். அணைக்கட்டு வட்டத்தில், பள்ளிகொண்டா அருகே பாலாற்றங்கரையில் வாழும் வாசகர் இதைப் படித்தால் மகிழத்தான் செய்வார். ஆனால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தக் குரோமியம்?

கருத்து பழையது. 1911-லேயே இங்கிலாந்தில் எம். சி. பாட்டர் என்பார் நுண்ணுயிர்களிலிருந்து மின்னோட்டம் பெற்றுக் காட்டினார். காற்றுப் புகாத அறையில் பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள கரிமப் பொருளை உண்டு, எலெக்ட்ரான்களை ஒரு மின்வாய்க்குக் கொடுக்கின்றன. அவை கம்பி வழியே மறு மின்வாயை அடைகின்றன. அங்கே ஆறு இணைதிறனுள்ள குரோமியம் இருந்தால், அவற்றை ஏற்று மூன்று இணைதிறனுள்ளதாக மாறும். முன்னது நீரில் எளிதில் கரையும். புற்றுநோய் விளைவிக்கக் கூடியது. பின்னதற்கு நஞ்சு குறைவு. காரம் சேர்த்தால் படிந்துவிடும். இதுவரை குறை சொல்வதற்கில்லை.

தோல் பதனிடப் பயன்படும் காரக் குரோமியம் சல்பேட்டிலோ இருப்பதே மூன்று இணைதிறன் குரோமியந்தான்! பாக்டீரியா செய்ய வேண்டிய வேலை முன்பே முடிந்துவிட்டது. மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்து அதைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறை நம்மிடமே இருக்கிறது.

உப்பின் கதை இன்னும் மோசம். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் சோற்றுப்பு முழுவதும் கழிவில்தான் சேருகிறது. சாதாரண நுண்ணுயிர் மின்கலம் அதைத் தொடுவதேயில்லை. உப்பு மிகுந்தால் பாக்டீரியாக்களே சோர்ந்துபோகும். வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பாழானதாகக் கூறும் ஆய்வொன்றை எடுத்துக்காட்டியது. பாழாக்கியதில் உப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

அப்படியானால் இம்முறைக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் தோல் ஆலையில் அல்ல. இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருந்து கசிவதுதான் ஆறு இணைதிறன் குரோமியம். அங்கும் பாக்டீரியாவுக்கு இரை வேண்டுமே! ஊர்ச் சாக்கடை நீரை ஓர் அறையிலும், குரோமியக் கசிவை மறு அறையிலும் விட்டுப் பார்க்கலாம். கசிவுக்கு அமிலம் சேர்க்க நேரலாம். அந்தச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்சாரத்தை மறந்துவிடுங்கள். ஒரு கலம் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவே.

இனி இத்தகைய வெற்றிச் செய்தியைப் படிக்கும்போது, ஆய்வாளர் எடுத்தது ஆலையின் கழிவுநீரா, அல்லது ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்த நீரா என்று முதலில் பாருங்கள்.