வேடிக்கையும் பொய்யும்: 'இன் ஹரிஹர் நகர்'

நகைச்சுவைப் படங்களைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதுவோர் நம்மிடையே குறைவு. சிரித்தோம், மறந்தோம் என்பதே அவற்றுக்கு நாம் அளிக்கும் மதிப்பு. ஆயின் சித்திக்–லால் இரட்டையர் 1990-இல் இயக்கிய 'இன் ஹரிஹர் நகர்' என்னும் மலையாளப் படம் மறக்கப்படவில்லை. 1991-இல் 'எம்.ஜி.ஆர். நகரில்' எனத் தமிழிலும், 2007-இல் 'டோல்' என இந்தியிலும் அது மறுவடிவம் பெற்றது. நிலைத்துவிட்ட இச்சிரிப்பின் உள்ளே இருப்பது யாது?

மகாதேவன், கோவிந்தன்குட்டி, அப்புக்குட்டன், தோமஸ்குட்டி ஆகிய நால்வரும் மணமாகாத இளைஞர்கள். அண்டை வீட்டிற்கு மாயா என்னும் பெண் குடிவந்ததும், நண்பனை நண்பன் முந்தத் துடிக்கின்றனர். அவளுடைய நம்பிக்கையைப் பெற, மறைந்த அவள் அண்ணன் சேதுமாதவனின் தோழர்கள் தாங்களே என்று பொய்யுரைக்கின்றனர். அங்கேதான் படத்தின் உயிர்முடிச்சு விழுகிறது.

பொய்யைக் குறித்துத் தனிநூல் எழுதிய புனித அகுஸ்தினார், தொடக்கத்திலேயே வேடிக்கைப் பேச்சை விலக்கி வைக்கிறார். பேசுவோரின் தொனியே அது விளையாட்டு எனக் காட்டிவிடுவதால் அங்கு ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பது அவர் கருத்து. இப்படமோ ஒரே சொல்லை இரு செவிகளுக்கு வழங்குகிறது. அரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கு அது வேடிக்கை. அண்ணனை இழந்த மாயாவுக்கோ அது சாட்சியம். யாருக்காகச் சொன்னார்களோ அவளோடு பொய் நிற்பதுமில்லை. மென்மையாகப் பேசும் கொடியவன் ஜான் ஹோனாயும் அதை நம்பி, பணப்பெட்டியைத் தேடி இவர்களிடமே வந்து சேர்கிறான். பொய்யின் விலையை அறிவுரையாகக் கூறாமல் கதைப்போக்கிலேயே காட்டியிருப்பது இயக்குநர்களின் வெற்றி எனலாம்.

இவ்வெற்றிக்கு வேர் உண்டு. அருட்தந்தை ஆபேல் 1969-இல் கொச்சியில் நிறுவிய கலாபவனின் மிமிக்ரி மேடையில் வளர்ந்தவர்கள் சித்திக்கும் லாலும். பிறர் குரலில் பேசுவதே மிமிக்ரி. ஆயினும் அக்குரல் பொய்க்குரல் என்பதைக் கேட்போர் யாவரும் அறிவர். ஏமாற்றாத பொய்மையின் கலை அது. அதில் தேர்ந்தவர்கள், ஏமாற்றும் பொய்மையைக் கதைப்பொருளாக்கியது பொருத்தமே. சித்திக் 2023-இல் மறைந்தார்; அவர் விட்டுச்சென்ற சிரிப்பு இன்றும் குடும்பங்களில் ஒலிக்கிறது.

எனினும் குறையைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. பெண்களைப் பின்தொடர்வதும் சீண்டுவதும் இளமையின் தீங்கற்ற குறும்பாகவே இங்கு காட்டப்படுகின்றன. பின்தொடரப்படும் பெண்ணின் அச்சத்திற்குப் படத்தில் இடமில்லை. மாயாவின் துயரம்கூட நால்வரின் சாகசத்திற்குத் திறவுகோலாகவே பயன்படுகிறது. அவள் மனத்தினுள் கேமரா நுழையவில்லை. ஆயினும் ஒன்றைப் போற்ற வேண்டும்: போட்டியின் பரிசாக அவள் எவர் கையிலும் ஒப்படைக்கப்படவில்லை. 2009-இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் நண்பர்கள் நடுவயதினராய் மீண்டும் கூடுகையில், அந்த மாயா அவர்களில் எவருக்கும் மனைவியாக இல்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளோடு அமர்ந்து இப்படத்தைக் காண்பதில் தவறில்லை. வயிறு குலுங்கச் சிரியுங்கள். நால்வரும் அந்தப் பொய்யைச் சொல்லும் இடத்தில் மட்டும் சற்று நிறுத்தி, "மாயாவின் இடத்தில் உன் தங்கை இருந்தால்?" என்று மகனிடம் கேளுங்கள். அவன் தரும் விடையிலிருந்து உங்கள் வீட்டுத் திறனாய்வு தொடங்கட்டும்.