குளக்கரை மேடையும் காய்ச்ச நெருப்பில்லாத பறையும்

குளக்கரையில் ஒரு பூங்கா, அதற்குள் ஒரு திறந்தவெளி அரங்கம். அரைவட்டப் படிக்கட்டு, கீழே சிமெண்ட் தளம், பின்னால் தண்ணீர், தண்ணீரில் ஆடும் விளக்கு வெளிச்சம். நகர வளர்ச்சியின் இன்றைய செல்லப்பிள்ளை இதுதான். 2016 சனவரியில் ஸ்மார்ட் சிட்டிகளின் முதல் பட்டியலில் கோயம்புத்தூர் இடம்பிடித்தது. அந்தப் பணத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் ஆகியவற்றின் கரைகள் நடைபாதைகளாகவும் உட்காரும் படிகளாகவும் நிகழ்ச்சித் திடல்களாகவும் மாறின. பெரியகுளத்தில் ‘ஐ லவ் கோவை’ எழுத்துகள் முன்னால் நின்று குடும்பத்தோடு படம் எடுக்கிறார்கள். குறிச்சியில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் நிற்கிறார். போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மாலை நேரத்தில் காசில்லாமல் போய் உட்கார ஓர் இடம் ஏழைக்கும் வேண்டும்தான். அதை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் கரை என்பது வெறும் மண் அல்ல, அங்கே ஆட்கள் இருந்தார்கள். முத்தண்ணன் குளக்கரையிலும் வாலாங்குளக் கரையிலும் வீடு கட்டி வாழ்ந்த கூலிகளும் தூய்மைப் பணியாளர்களும் கீரணத்தம், வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். உக்கடம் சி.எம்.சி. காலனியில் இருந்த அருந்ததியர் குடும்பங்களின் வீடுகளை மேம்பாலம் வாங்கிக்கொண்டது. நகரத்தைக் கூட்டுகிறவர்கள் நகரத்துக்கு வெளியே போனார்கள். குளக்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர்கள் உள்ளே வந்தார்கள்.

2007இல் ஒரு சட்டம் வந்தது, ஏரி குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும். நல்ல சட்டம். அதன்படி கரையில் ஓலைக் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. அதே கரையில் காங்கிரீட் படிக்கட்டும் தின்பண்டக் கடையும் வந்தால் அதற்குப் பெயர் மேம்பாடு. சூழலியல்காரர்கள் இந்தக் காங்கிரீட்டைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள், பறவைகளுக்காகவும் தண்ணீருக்காகவும். கேட்க வேண்டியதுதான். ஆனால் குடிசைக்காக அதே குரலில் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது இந்த ஆசை பேரூராட்சிகளுக்கும் வந்துவிட்டது. அம்ருத் 2.0 திட்டம் 2021இல் எல்லா நகர உள்ளாட்சிகளையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நீர்நிலைச் சீரமைப்பு, பூங்கா என்று அதில் தலைப்புகள் உண்டு. எங்கள் தெருவிலிருந்து சிவில் டிப்ளமோ படித்துப்போய் மதுரையில் வரைபடம் போடுகிற தம்பி ஒருவன், ஏதோ ஓர் ஊருக்கான மாதிரி என்று ஒரு தாளை விரித்துக் காட்டினான். கண்மாய், கரை, பூங்கா, அரைவட்ட அரங்கம். “அண்ணே, நீங்க பறையோட சுத்துனவரு. மேடைய எங்க வைக்கலாம், சொல்லுங்க. வாசலையும் மேடையையும் கொஞ்சம் நகட்ட எனக்கு உரிமை உண்டு. மத்ததுல என் பேச்சு எடுபடாது” என்றான். இந்தக் கட்டுரை அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும். ராயகிரியில் நாளைக்கே இப்படி ஒரு தாள் விரிக்கப்பட்டால் நாம் என்ன சொல்வோம் என்பதையும் சேர்த்தே யோசிக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கு. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுமக்கள் கூடும் இடம் எல்லாவற்றிலும் தீண்டப்படாதோர் புழங்கலாம் என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அது அரசாணையும் ஆனது. மகாடு நகராட்சியும் அதே 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் திறந்த குளத்தில் கை வைக்க அம்பேத்கர் 1927 மார்ச் 20 வரை காத்திருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது. கை வைத்த பிறகு அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மாநாட்டுப் பந்தல் போட இந்துக்கள் யாரும் நிலம் தரவில்லை, ஒரு முசுலிம் கொடுத்தார். குளக்கரையில் கூட்டம் கூட்டுவதற்கான நம்முடைய திட்டமிடல் அங்கே தொடங்குகிறது. ‘பொது’ என்று பலகை மாட்டுவது வேறு, அது பொதுவாக இருப்பது வேறு.

எங்கள் பக்கம் மேற்கு மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் கண்மாய் கண்மாயாகத் தேக்கிப் பிழைத்த சீமை. கண்மாய்க்கு மடை உண்டு, மறுகால் உண்டு. மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவன் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன். வெள்ள காலத்தில் நெஞ்சு முட்டும் தண்ணீருக்குள் முங்கி மடையைத் திறந்தவன் அவன். உயிர் போன கதைகள் தென்மாவட்டம் முழுக்க உண்டு. ஆக, குளம் நமக்குப் புதிசு இல்லை. குளத்தின் கழுத்தைப் பிடித்துக் காப்பாற்றினவனுக்குக் குளக்கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பழக்கம்தான் இல்லை.

வரைபடத்துக்கு வருகிறேன். அரைவட்டப் படிக்கட்டு என்கிற வடிவத்தை நான் சந்தேகப்படுகிறேன். பார்க்கிறவன் உயரத்தில், ஆடுகிறவன் பள்ளத்தில். இது கிரேக்கத்திலிருந்து வந்தது, நல்லாக் கேட்கும், நல்லாத் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கோயில் கொடையில் பந்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன், மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கீழே நின்று அடித்துப் பழக்கப்படுத்தப்பட்டவன், மறுபடியும் பள்ளத்தில் நிற்பது அவ்வளவு அப்பாவியான விசயம் இல்லை. அப்படியானால் உயரமான மேடையா? எங்கள் சித்தப்பா அதையும் ஒத்துக்கமாட்டார். “மேல ஏறி அடிச்சா சத்தம் வானத்துக்குல்லா போவும். தரையில நின்னு அடிச்சாத்தாம்ல ஆளு மேல விழும்” என்பார். சமதரை, வட்டம், நான்கு பக்கமும் ஆள் நிற்கிற களம். இதுதான் பறைக்கும் ஒயிலாட்டத்துக்கும் வீதி நாடகத்துக்கும் தோது. வில்லுப்பாட்டுக்கு மட்டும் ஒரு முழ உயரத்தில் திண்டு போதும். செலவும் குறைவு. (செலவு குறைவு என்பதாலேயே ஏற்கமாட்டார்கள் என்று தம்பி சிரித்தான். அது வேறு கட்டுரைக்கான பொருள்.)

பூங்காவில் நாட்டார் கலை என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது சென்னை சங்கமம். 2007இல் தொடங்கி 2011 வரை பொங்கலை ஒட்டி நடந்தது. பிறகு 2023இல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரோடு திரும்பி வந்தது. மயிலாப்பூர்ப் பூங்காவுக்குள் பறை நுழைந்ததை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட தோல், சாவே இல்லாத ஒரு காலைப் பொழுதில் மாமிகள் முன்னால் முழங்கியது. ஆனால் அங்கே பறை ‘தமிழர் கலை’ ஆனது. தமிழர் கலை ஆன அதே நிமிடம் அது யாருடைய முதுகில் கட்டப்பட்டிருந்தது என்பது அறிவிப்பிலிருந்து விழுந்துவிட்டது. பெருமை எல்லாருக்கும், இழிவு மட்டும் ஊருக்குத் திரும்பியதும் கலைஞனுக்கு. 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தது, சபாக்காரர்களை மீனவர் குப்பத்துக்கு வரவழைத்தது. நல்ல முயற்சி. ஆனாலும் அங்கேயும் வழிகாட்டியவர்கள் யார் என்ற கேள்வி எழுந்தது, எழ வேண்டும்.

இரண்டிலிருந்தும் வேறானது 1990களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்கள். அங்கே பறை சாதியை மறைத்துக்கொண்டு ஒலிக்கவில்லை. பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு பாட்டையும் சாப்பாட்டையும் ஒன்றாகவே பார்த்தார். ஒரே உலையில் பொங்கித் தின்னாதவர்கள் ஒரே பாட்டைப் பாடுவது எப்படி என்பது அவர் கேள்வி. கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ நாடகமும் அந்தக் காலத்துப் பயிர்தான். அந்த ஆட்டங்களுக்கு அரைவட்டப் படிக்கட்டு தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பயமில்லாமல் நிற்க ஓர் இடம்.

நெருப்புப் பற்றிச் சொல்ல வேண்டும். பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. வைக்கோல், சருகு, காகிதம் எதையாவது கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, சுதி ஏற்ற வேண்டும். பனி இறங்கும் நேரத்தில், அதுவும் குளத்துக் காற்றில், அரைமணிக்கு ஒரு தடவை தோல் தொங்கிவிடும். ஆனால் பூங்காக்களில் தீ மூட்டக் கூடாது என்றுதான் பலகை வைப்பார்கள். பெரிய விழாவுக்கு விதியைத் தளர்த்துவார்கள். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை நாலு பையன்கள் பறை பழக வந்தால் காவலாளி விரட்டுவார். அதனால்தான் இப்போது ஃபைபர் தோல் பூட்டிய பறை பெருகுகிறது. காய்ச்ச வேண்டாம், நனையாது. அதை நான் தீட்டு என்று தள்ளவில்லை. மாட்டுத்தோலைத் தொட மாட்டேன் என்கிறவனுக்கும் அது வசதியாக இருக்கிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். தம்பியிடம் சொன்னேன்: களத்துக்குப் பக்கத்தில், காற்று மறைவில், மூன்றடிக்கு மூன்றடி ஒரு கல் பாவிய தீக்குழி போடு. வரைபடத்தில் அதற்குப் பறை காய்ச்சும் இடம் என்றே பெயர் எழுது. எழுத்தில் இருந்தால் காவலாளி விரட்ட முடியாது.

அடுத்தது பெண்கள். கரகாட்டத்துக்கு வருகிற பெண்கள் எத்தனை ஊரில் வேன் மறைவில் சேலைத் துணி பிடித்து உடை மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லுவார்கள். 2023இல் குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடை செய்து ஆணை போட்டது அரசு. இழிவை ஆடக் கூடாது என்பது சரி. ஆடிப் பிழைத்தவள் அடுத்து எங்கே, எந்த அறையில் உடை மாற்றி, எதை ஆடுவாள் என்பது அந்த ஆணையின் வேலை இல்லையாம். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர் வருகிற கக்கூசு. நீரூற்றுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி போதும் என்றான் தம்பி.

கடைசியில் வாசல். தாளில் வாசல் ஒன்றுதான், பிரதான சாலைப் பக்கம், அதாவது ஊர்ப் பக்கம். காலனிக்காரர் ஊரைச் சுற்றி வர வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் 2022இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி மிட்டாய் மறுத்ததை நாடே காணொளியில் பார்த்தது. வாசுதேவநல்லூரும் சங்கரன்கோவிலும் தனித் தொகுதிகள், சட்டமன்றத்துக்கு நம்ம ஆள்தான் போகிறார். ஆனால் மிட்டாய்க் கடைக்கு நம்ம பிள்ளை போக முடியவில்லை. இந்தச் சீமையில் ஒற்றை வாசல் என்பது வெறும் கட்டடக் கலை அல்ல. காலனிப் பக்கமும் ஒரு வாசல், அதற்கும் அதே அளவு, அதே விளக்கு. ‘பின்வாசல்’ என்று பேர் எழுதக் கூடாது.

வாசல் திறந்தாலும் நாள் கிடைக்குமா? ஆகஸ்டு 20 ஒண்டிவீரன் நாள், செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள், செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நாள். நெற்கட்டும்செவலும் பச்சேரியும் எங்களுக்குப் பக்கம். பல ஆண்டுகளில் இந்த நாட்களுக்கு 144 போட்டிருக்கிறார்கள், இப்போது அதற்கு எண் 163. நாடகப் பிரதியைப் போலீசிடம் காட்டச் சொன்ன 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. பிரதி தப்பியது. நாளும் இடமும் இன்னும் ஒரு கையெழுத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே முன்பதிவுப் பதிவேட்டைப் பேரூராட்சி அலுவலக மேசைக்குள் பூட்டாமல் களத்தின் வாசலில் எல்லாரும் பார்க்க எழுதி ஒட்ட வேண்டும். யார் எப்போது கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்கு ஏன் மறுக்கப்பட்டது. வாடகை என்று ஒன்று வைத்தால் சீர்வரிசை விழாவுக்கும் ஏப்ரல் 14க்கும் ஒரே வாடகை.

தம்பி இரண்டாவது வாசலையும் தீக்குழியையும் பென்சிலில் போட்டுக்கொண்டான். படிக்கட்டை எடுக்க முடியாது, மூன்று வரிசையாகக் குறைக்கலாம் என்றான். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் விடியற்காலையில் கூட்ட வருகிறவர்கள் வண்டியும் வாருகோலும் வைக்க, கை கால் கழுவ எங்கே இடம் என்று கேட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மின்மாற்றிக்கு ஓர் அறை இருந்தது.