தஞ்சை நால்வரும் ஒரு ஜெர்மானிய இளைஞரும்

நால்வர் என்றவுடன் தமிழர் நெஞ்சில் தேவார மூவரும் மாணிக்கவாசகரும் தோன்றுவர். இசையுலகில் பிறிதொரு நால்வர் உளர். சின்னையா (1802), பொன்னையா (1804), சிவானந்தம் (1808), வடிவேல் (1810) என்னும் உடன்பிறந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர். இரண்டாம் சரபோஜியின் அவையில் இளமையிலேயே புகழெய்தியவர்.

அக்காலத்தே, 1809இல் பிறந்த மெண்டல்சோன் என்னும் ஜெர்மானியர் தம் பதினெட்டாம் வயதில், 1827இல், ஏ மைனரில் ஒரு 'ஸ்டிரிங் குவார்டெட்' இயற்றினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, பாடுவார் இல்லை. ஆயினும் தாமே எழுதிய காதற்பாட்டொன்றின் வினாவே அதற்கு வித்து. அப்பாட்டின் இசை தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிக்க, இடையே நான்கு கருவிகளும் தம்முள் உரையாடுகின்றன. அவ்வாண்டு மறைந்த பேத்தோவனின் நிழல் அதில் மிகுதி என்பர். பதினெட்டு வயதில் பெரியோர் நிழலில் நில்லாதார் யார்? நிழலில் நின்றும் தம் குரலை அவர் இழந்திலர்.

நம் நால்வரையோ, அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக ஆடல் நிரலை வகுத்தவர் என்று பாராட்டிவிட்டு, இசை என்று வருங்கால் மும்மூர்த்திகளுக்குப் பின்வரிசையில் அமர்த்திவிடுகிறோம். இஃது எனக்கு உடன்பாடன்று. பொன்னையா இயற்றியதாக வழங்கும் 'சகியே' என்னும் ஆனந்தபைரவிப் பதவர்ணத்தை, ஆடலை மறந்து, கண்மூடிக் கேளுங்கள். தோழியிடம் ஒரு வேண்டுகோள்; அவ்வளவே. ஒவ்வொரு ஸ்வரக் கோவைக்குப் பின்னும் சரண அடி மீண்டு வருகிறது. சொல் மாறவில்லை, ஆனால் வருந்தோறும் அவள் பொறுமை தேய்ந்திருக்கிறது. மெண்டல்சோன் நான்கு இழைகளை ஒருங்கே ஓடவிட்டுச் செய்ததை இவர் ஓரிழையில் செய்கிறார். சொல்லே இல்லாத ஜதிஸ்வரங்களை நோக்கினால், இவர்கள் வெறும் கூத்துக்குப் பாட்டெழுதினர் என்னும் பேச்சு நில்லாது. வயலினும் அயலன்று, சுவாதித் திருநாள் 1834இல் வடிவேலுக்குத் தந்த வயலின் தந்தத்தாலானது.

மாட்டுங்காவில் 1945இல் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தோன்றியபின், இவ்வகை உருப்படிகள் பம்பாய்த் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியவாயின. மகிழ்ச்சியே. ஆனால் அண்மையில் நான் சென்ற அரங்கேற்றம் ஒன்றில் (இடம் எதற்கு?) வர்ணத்தின் சரணம் இரண்டே கோவைகளோடு நறுக்கப்பட்டது. அந்த அடி மீண்டும் மீண்டும் வந்தாலன்றோ அதற்குப் பொருள்! விசாரித்தேன், நேரமில்லையாம். பொன்னாடைக்கும் வாழ்த்துரைக்கும் மட்டும் நாற்பது நிமிடம் இருந்தது.