தீர்ப்பு எட்டும் தூரம்

2003 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய டெக்சாஸ் மாநிலச் சட்டம் செல்லாது என்றது. அதற்கு முந்தைய மாதம் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், இத்தகைய உறவைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்றவர்கள் 60 விழுக்காடு. தீர்ப்புக்கு அடுத்த மாதம் அது 48 ஆனது. உரிமை கிடைத்தது, ஆதரவு சரிந்தது.

அந்தச் சரிவு நிலைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தீர்ப்பு வந்தால் சமூகம் தானே திருந்திவிடும் என்று நம்புவோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதே நீதிமன்றம் 2015இல் தன்பால் திருமணத்தை நாடு முழுவதும் ஏற்றபோது, அதற்கான ஆதரவு ஏற்கெனவே 60 விழுக்காட்டை எட்டியிருந்தது. 1996இல் அது வெறும் 27. பாதை போட்டவர்கள் நீதிபதிகள் அல்லர்.

அப்படியானால் தீர்ப்புகளால் பயனே இல்லையா? 2015 தீர்ப்பை ஒட்டி டாங்கார்ட், பலக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு இங்கே உதவுகிறது. திருமணம் பற்றி மக்கள் கொண்டிருந்த சொந்தக் கருத்தைத் தீர்ப்பு அசைக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் இதை ஏற்கிறார்கள் என்ற எண்ணம் கூடியிருந்தது. நம்மூரில் இதைச் சிறிய விஷயமாக ஒதுக்க முடியாது. மகளோ மகனோ தன்பாலீர்ப்பாளர் என்று தெரியும்போது பல பெற்றோரை முதலில் உலுக்குவது, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்தான். அந்த நாலு பேரில் இருவரையாவது நீதிமன்றம் வாயடைக்க வைத்தால் பெரிய காரியம்.

தைவானில் நடந்தது இன்னும் சுவையானது. 2017 மே மாதம் அரசமைப்பு நீதிமன்றம் தன்பால் இணையர்க்குத் திருமண உரிமை உண்டு என்றது. 2018 நவம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பிலோ, குடிமைச் சட்டத்தில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்று 72 விழுக்காட்டினர் வாக்களித்தனர். இருந்தும் தனிச் சட்டம் வந்து, 2019 மே முதல் பதிவுகள் தொடங்கின. அரசின் கணிப்புகளில் 2018இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த ஆதரவு 2023இல் 62ஐத் தாண்டியது. தீர்ப்பைப் படித்து மனம் மாறியவர்கள் சிலராகவே இருப்பார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தால் தன் வீட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை என்று கண்டவர்களே பலராக இருக்க வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியபோது, தீர்ப்பைப் பரவலாக விளம்பரப்படுத்தவும் போலீசாருக்குப் பயிற்சி தரவும் நீதிபதி நரிமன் அரசைப் பணித்தார். அந்த வேலையை விடாமல் துரத்தியது சென்னை உயர் நீதிமன்றம். பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னை வந்த இரு பெண்கள் 2021இல் பாதுகாப்புக் கேட்டனர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பு தனக்கே புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். வழக்கை முடித்துவைக்காமல் ஒவ்வொரு துறையாகப் பதில் கேட்டுக்கொண்டே இருந்தார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை' தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளும் அதே ஆண்டு திருத்தப்பட்டன. மனத்தை மாற்றச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். விதியை மாற்றச் சொன்னால் கோப்பு நகர்கிறது.

ஆனால் கோப்பு காவல் நிலையம் வரை போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. 2025 மே மாதம், 25 வயதுப் பெண் ஒருவரைக் குடும்பத்தார் அடைத்து வைத்திருப்பதாக அவருடைய இணை அதே உயர் நீதிமன்றத்தை நாடினார். போலீசார் தன்னை வற்புறுத்திப் பெற்றோருடன் அனுப்பியதாகவும், வீட்டில் அடித்ததாகவும், 'சரியாக்க' சடங்குகள் செய்ததாகவும் அந்தப் பெண் சொன்னார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் போலீசாரைக் கண்டித்து, அவரை விடுவித்தனர். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் எழுதினர். 2023இல் தன்பால் திருமணத்தை ஏற்க மறுத்து உச்ச நீதிமன்றம் விட்டுச்சென்ற இடைவெளியை அந்த வரி கொஞ்சம் நிரப்புகிறது.

தேவைப்படும்போது அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தர வேண்டியவர்கள் யார்? அந்தந்தப் பகுதிப் போலீசார்தான் என்கிறது உத்தரவு.