வராத ஓட்டுநருக்கு முன்பணம்

தையல் எந்திரம் வாங்குகிறவர் ஒரு துண்டுத் துணியை அதில் விட்டுத் தைத்துப் பார்க்கிறார். வானொலிப் பெட்டி வாங்குகிறவர் முள்ளைத் திருப்பி, நிலையம் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்கிறார். பொருள் இன்று என்ன செய்கிறதோ அதற்குத்தான் விலை. 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் இதற்கு மாறான ஒரு விற்பனை தொடங்கியது. காரை இன்றே ஓட்டிச் செல்லலாம்; ஆனால் அந்தக் கார் வருங்காலத்தில் கற்றுக்கொள்ளப் போகும் ஒரு திறமைக்கும் இன்றே பணம் கட்டலாம். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுவதுதான் அத்திறமை.

விற்றது டெஸ்லா நிறுவனம். அந்த மாதம் முதல் தான் செய்யும் ஒவ்வொரு காரிலும் 8 காமிராக்கள், 12 மீயொலி உணர்விகள், முன்புறம் ஒரு ராடார், இவை தரும் செய்திகளை ஆராய ஒரு கணிப்பொறி ஆகியவை இருக்கும் என்றும், முழுமையாகத் தானே ஓடுவதற்கு வேண்டிய சாதனங்கள் இவையே என்றும் அது அறிவித்தது. மென்பொருள் மட்டும் பின்னால் வந்து சேரும். ஓட்டுநருக்குத் துணை செய்யும் மேம்பட்ட வசதிக்கு 5,000 டாலர். ‘முழுத் தன்னோட்டம்’ வேண்டுமானால் அதற்கு மேல் 3,000 டாலர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்த வாக்குறுதியை அறிவியல் நோக்கில் எடை போட இப்போது போதிய செய்திகள் நம் கையில் உள்ளன.

‘பின்னால் வரும்’ என்று சொல்வதே ஏமாற்று என்று சிலர் எடுத்த எடுப்பில் கூறிவிடுகிறார்கள். அது நியாயமன்று. கார் வீட்டு வாசலில் நிற்கும்போதே வானலை வழியாகப் புதிய மென்பொருளை அனுப்பி அதைத் திருத்தலாம் என்பது உண்மை. 2018ஆம் ஆண்டு அமெரிக்க நுகர்வோர் இதழான ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ இந்நிறுவனத்தின் ‘மாடல் 3’ காரைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க அது 152 அடி எடுத்துக்கொண்டது. இது மிக அதிகம் என்று இதழ் குறை கூறியது. சில நாள்களில் புதிய மென்பொருள் அனுப்பப்பட்டது. மறு சோதனையில் கார் 133 அடியில் நின்றது. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் 19 அடி குறைந்துவிட்டது!

ஆனால் பிரேக் பிடிப்பதும் கார் ஓட்டுவதும் ஒரே வகையான கணக்குகள் அல்ல. பிரேக்கைப் பொறுத்தவரை என்ன வேண்டும் என்பது முன்பே தெரியும். சக்கரத்தின் பிடிப்பு, எடை, வேகம் எல்லாம் அளந்தறியப்பட்டவை. விடை உள்ள கணக்கில் இன்னும் நல்ல விடை தேடுவதுதான் அங்கே வேலை. சாலையில் ஓட்டுவதற்கு அப்படி எழுதி முடித்த விடை 2016இல் எவரிடமும் இல்லை. மாலை வெயில் காமிராவின் கண்ணைக் கூசவைக்கும் வேளை, கவிழ்ந்து கிடக்கும் லாரி, கையைக் காட்டிப் போக்குவரத்தை மாற்றிவிடும் காவலர், பந்தின் பின்னால் ஓடிவரும் குழந்தை என்று அரிதாக நேரும் நிலைமைகளுக்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றும் அரிது, எல்லாம் சேர்ந்தால் அரிதல்ல.

இங்கேதான் அந்த அறிவிப்பின் அடிப்படைக் குறை இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டு முடிக்காமலே, அதற்கு எத்தனை தாள் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? மென்பொருள் எழுதப்படவில்லை, எனவே அதை ஓட்ட எவ்வளவு ஆற்றலுள்ள கணிப்பொறி வேண்டும் என்பதும் தெரியாது. ‘மனிதன் இரண்டு கண்களால்தானே ஓட்டுகிறான், எட்டுக் காமிரா போதாதா?’ என்ற வாதம் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காமிரா போதும் என்பது கொள்கையளவில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளையை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை. விலைப்பட்டியலில் இருந்தது கண்தான்.

பின்னர் நடந்தவற்றைப் பாருங்கள். 2019இல் நிறுவனமே வடிவமைத்த புதிய கணிப்பொறி கார்களில் பொருத்தப்பட்டது. பழையது போதாது என்பது தெளிவாயிற்று. முன்பணம் கட்டியவர்களுக்குப் புதிய கணிப்பொறியை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். 2021 மே மாதம் முதல் அமெரிக்காவில் சில கார்களில் ராடாரை நீக்கத் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் மீயொலி உணர்விகளையும் நீக்கத் தொடங்கினார்கள். 2023இல் அடுத்த தலைமுறைக் கணிப்பொறி வந்தது. அதாவது ‘வேண்டியவை இவையே’ என்று 2016இல் சொன்ன பட்டியலில் ராடாரும் மீயொலியும் வேண்டாதவை ஆயின, கணிப்பொறியோ போதாததாயிற்று. நிலைத்தது காமிரா ஒன்றே. ஆராய்ச்சிக்கூடத்தில் இத்தகைய மாற்றங்கள் இயல்பானவை. ஒரு தவறும் இல்லை. ஆராய்ச்சி நடக்கும்போதே அதன் முடிவை விலைக்கு விற்றதுதான் நம் விமர்சனத்துக்கு உரியது.

எத்தனை மைல் ஓடினால் நம்பலாம்?

தானே ஓடும் கார் மனிதனைவிடப் பாதுகாப்பானது என்று எப்படி நிரூபிப்பது? 2016இல் அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஓர் எளிய கணக்குப் போட்டது. நிகழ்தகவு படித்த மாணவர்கள் தாங்களே சரிபார்க்கலாம். அமெரிக்கச் சாலைகளில் 10 கோடி மைல் பயணத்துக்குச் சுமார் 1.09 உயிரிழப்பு என்பது அக்கணக்கில் எடுத்துக்கொண்ட விகிதம். தானியங்கி கார்கள் இதைவிட மோசமல்ல என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, அவை ஓர் உயிரிழப்பும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓடியாக வேண்டும். 100 கார்களை இரவு பகலாக, ஆண்டு முழுவதும், மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓட்டினால் இதை முடிக்கச் சுமார் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும்.

டெஸ்லாவிடம் நூறு அல்ல, பல லட்சம் கார்கள் சாலையில் உள்ளனவே என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அவை ஓடிய மைல்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மனிதர் விழிப்போடு அமர்ந்திருந்தார். தவறு நேரும்போது அவர் கை வைத்துத் திருத்தினார். ஆகவே அந்த மைல்கள் எந்திரத்தின் திறமையை மட்டும் காட்டுவன அல்ல. எந்திரமும் மனிதனும் சேர்ந்த இரட்டையரின் திறமையைக் காட்டுவன. போதாக்குறைக்கு, மென்பொருள் சில வாரங்களுக்கு ஒரு முறை மாறுகிறது. பழைய பதிப்பு பெற்ற மதிப்பெண்ணைப் புதிய பதிப்புக்கு அப்படியே போட முடியாது.

எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு தன்னோட்டத்தை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரித்திருக்கிறது. வாங்குகிறவருக்கு இதில் முக்கியமான கோடு 2ஆம் படிக்கும் 3ஆம் படிக்கும் இடையில் உள்ளது. இரண்டாம் படி வரை ஓட்டுநர் நீங்கள்தான், எந்திரம் கையாள். 2022 மே மாதம் ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பு மூன்றாம் படி. அப்போது அது நெடுஞ்சாலையில், அதுவும் மணிக்கு 60 கிலோமீட்டருக்குள்தான் வேலை செய்தது. மிகச் சிறிய வாக்குறுதி. ஆனால் அந்த எல்லைக்குள் அமைப்பு ஓட்டும்போது நேரும் பிழைக்குப் பொறுப்பு தன்னுடையது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. கூகுளிலிருந்து பிறந்த வேமோ 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் நகரில் ஓட்டுநரே இல்லாத வாடகைக் கார்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அது யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. போன தூரத்துக்குக் கூலி. டெஸ்லா விற்ற ‘முழுத் தன்னோட்டம்’ வாங்கியவர் கைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டாம் படியில் இருந்தது. 2024இல் அதன் பெயரோடு ‘கண்காணிப்புடன்’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். முழுமையும் கண்காணிப்பும் ஒரே பெயரில்!

இதனால் அந்த மென்பொருளே பயனற்றது என்று பொருளல்ல. 2020 அக்டோபரில் சிலருக்கு மட்டும் கொடுத்த சோதனைப் பதிப்புக்கும், 2024இல் வந்த பதிப்புகளுக்கும் வேறுபாடு மிகப் பெரிது. விதிகளை ஒவ்வொன்றாக எழுதும் முறையைப் பெரிதும் கைவிட்டு, மனிதர்கள் ஓட்டிய காட்சிகளிலிருந்து எந்திரம் தானே கற்கும் முறைக்கு மாறிய பின் ஓட்டம் வெகுவாகச் சீராயிற்று. நீண்ட பயணத்தில் களைப்பைக் குறைக்கும் நல்ல துணை என்று அதற்கு ஒரு விலை கொடுக்கலாம். எந்த விலை, எப்போது என்பதுதான் கேள்வி.

கூட்டலும் வகுத்தலும்

‘இப்போதே வாங்கிவிடுங்கள், விலை ஏறிக்கொண்டே போகும்’ என்பது விற்பனையாளரின் முக்கிய வாதமாக இருந்தது. ஏறியதும் உண்மை. 2020 அக்டோபரில் 10,000 டாலர், 2022 ஜனவரியில் 12,000, அதே ஆண்டு செப்டம்பரில் 15,000. பிறகு? 2023 செப்டம்பரில் 12,000. 2024 ஏப்ரலில் 8,000. உச்சியில் வாங்கியவர் இரண்டு ஆண்டுக்குள் 7,000 டாலர் இறக்கத்தைக் கண்டார்.

2021 ஜூலை முதல் மாதச் சந்தாவும் இருந்தது: 199 டாலர். 2024 ஏப்ரலில் அது 99 ஆகக் குறைந்தது. 8,000ஐ 99 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 81 மாதம், அதாவது ஆறே முக்கால் ஆண்டு. அதற்கு முன் காரை விற்றுவிடுகிறவருக்கு முன்பணம் பெரும்பாலும் நட்டம். கையிலுள்ள பணத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி கிடைக்கும் என்று வைத்தால், இரண்டும் சமமாக எட்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. காரின் பொது உத்தரவாதமோ நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல்தான். மேலும் வாங்கிய உரிமை காரோடு போகும், ஆளோடு வராது. 2023 ஜூலையில், புதிய காருக்கு அதை மாற்றிக்கொள்ள ஒரு முறை மட்டும் என்று சொல்லிச் சில மாதங்கள் இடம் கொடுத்தார்கள். கார் மோதி நொறுங்கிப்போனால் எதிர்காலமும் அதோடு நொறுங்கிப்போகும். சந்தா கட்டுகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. நீண்ட பயணம் போகும் மாதத்தில் கட்டிவிட்டு அடுத்த மாதம் நிறுத்தலாம். பிடிவாதமாகப் பத்து ஆண்டு ஒரே காரை வைத்திருப்பவரைத் தவிர மற்றவருக்கு முன்பணம் பொருந்தவில்லை என்பதே என் முடிவு.

கணக்கை வேறு திசையில் இழுக்கும் வாதம் ஒன்று இருந்தது. 2019 ஏப்ரலில் நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க், அடுத்த ஆண்டுக்குள் பத்து லட்சம் கார்கள் தாமே வாடகைக்கு ஓடத் தகுதி பெறும் என்றார். உங்கள் கார் நீங்கள் தூங்கும்போது சம்பாதிக்கும். ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர் என்று திரையில் கணக்கும் காட்டப்பட்டது. இப்படி ஒரு பொன் முட்டையிடும் வாத்தை ஒருவர் சில ஆயிரம் டாலருக்கு விற்க முன்வந்தால், வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது ‘ஏன்?’ என்பதே. 2020 போயிற்று. 2025 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வாடகைக் கார்கள் ஓடத் தொடங்கின. அவை நிறுவனத்தின் சொந்தக் கார்கள். முன் இருக்கையில் பணியாளர் ஒருவர் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

2016இல் வெளியிட்ட விளம்பரப் படம் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருப்பது சட்டத்துக்காக மட்டுமே, கார் தானே ஓடுகிறது என்று அது அறிவித்தது. ஒரு விபத்து வழக்கில் 2022இல் அளித்த சாட்சியம் 2023 ஜனவரியில் வெளிவந்தது. சாட்சி, அப்பிரிவின் மென்பொருள் இயக்குநர் அசோக் எல்லுசாமி. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். படத்தில் கண்ட பாதை முன்கூட்டியே முப்பரிமாண வரைபடமாக்கப்பட்டது என்றும், தானே நிறுத்தும் முயற்சியில் ஒரு சோதனைக் கார் வேலியில் மோதியது என்றும், வாங்குவோருக்கு அப்போது கிடைத்ததைக் காட்டுவது படத்தின் நோக்கமல்ல என்றும் அவர் கூறினார்.

நிறுவனத்தின் கணக்குப் புத்தகமும் சுவையானது. வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை ‘இன்னும் ஈட்டாத வருமானம்’ என்றே தனியாக வைத்திருந்தார்கள். 2022 இறுதியில் வட அமெரிக்காவில் சோதனைப் பதிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்ட பின்தான் அதில் 32.4 கோடி டாலரை வருமானத்தில் சேர்த்தார்கள். பொருள் இன்னும் கைமாறவில்லை என்று கணக்கருக்குத் தெரிந்திருக்கிறது; விளம்பரம் எழுதியவருக்குத்தான் தெரியவில்லை போலும்.

2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோது, இங்கும் 6 லட்சம் ரூபாய்க்கு இதே வசதி விலைப்பட்டியலில் இடம்பெற்றது. அப்போது இந்தியச் சாலைகளில் அது இயங்கவில்லை. கோடு போட்ட அமெரிக்க நெடுஞ்சாலைக்கே இத்தனை ஆண்டு ஆயிற்று என்றால், மாட்டுவண்டியும் ஆட்டோவும் எதிர்த்திசையில் வரும் சாலைக்கு எத்தனை ஆண்டு என்று கணிக்க நான் துணியமாட்டேன்.

2025 ஜனவரியில் மஸ்க், 2019 முதல் பொருத்திய மூன்றாம் தலைமுறைக் கணிப்பொறியும் போதாது என்றும், முன்பணம் கட்டியவர்களுக்கு அதை மாற்றித்தர வேண்டியிருக்கும் என்றும், அது கடினமான வேலை என்றும் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் கூட்டாக வழக்கு நடத்தக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அனுமதித்தார். 2026 ஜனவரியில் வந்தது மற்றோர் அறிவிப்பு: பிப்ரவரி 14க்குப் பிறகு மொத்த விலைக்கு விற்பதில்லை, மாதச் சந்தா மட்டுமே. மாற்றுக் கணிப்பொறிக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றி அந்த இரண்டு வரி அறிவிப்பில் ஒன்றும் இல்லை.