சீரத்தின் சாட்சியம்

ரெட்டிபாளையத்தைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் அரியலூர்ப் பூமியிலே, சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அலையடித்த கடலின் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. நிலவியலார் அச்சிப்பிகளைக் கொண்டே பாறையின் காலத்தைக் கணிக்கிறார்கள் என்றாலும், அது எந்த அடுக்கில், எவற்றின் துணையோடு கிடந்தது என்று விசாரிக்காமல் ஒற்றைச் சிப்பியை நம்பித் தீர்ப்புக் கூறுவதில்லை. இவ்வூரிலிருந்து திருச்சிக்கோ தஞ்சைக்கோ சென்னைக்கோ கீமோதெரபிக்காகப் பஸ் ஏறும் முற்றிய லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளியின் இரத்தப் புரதங்களைப் பார்த்து, மருந்து பலிக்குமா பலிக்காதா என்று கணிக்கும் வழக்கத்தையும் அதே நிதானத்தோடு எடைபோட வேண்டும்.

இந்தப் பரீட்சையின் அடிப்படை, 1937ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே டிசேலியஸ் செம்மைப்படுத்திய மின்பிரிப்பு முறையாகும். 1948இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உறைந்த இரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் இளமஞ்சள் சீரத்தில் ஒரு துளியை அகரோஸ் பூசிய தகட்டிலிட்டு மின்சாரம் செலுத்திச் சாயமேற்றினால், ஐந்து பட்டைகள் புலப்படும். முன்னே ஓடி நிற்பது தடித்த ஆல்புமின். பின்தங்கி நிற்பது காமா குளோபுலின். க்ஷயம் போன்ற நாட்பட்ட தொற்றில் காமாப் பகுதி வரைபடத்திலே ஏரிக்கரைபோல் அகன்று மேடிடும். ஒரே குலத்து அணுக்கள் ஒரே புரதத்தை அளவின்றிச் சுரக்கும்போதோ அது கோபுரம்போல் கூர்ந்து எழும்.

இவ்வழக்கத்தின் சிறப்புகளை முதலில் சொல்வதே நியாயம். 1998இல் ஹாசன்கிளெவர், டீல் என்னும் ஆய்வாளர்கள் முற்றிய ஹாட்ஜ்கின் வகை லிம்போமா நோயாளிகள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி, ஏழு அபாயக் குறிகளை வகுத்தார்கள். நூறு மில்லி லிட்டர் சீரத்தில் ஆல்புமின் 4 கிராமுக்குக் குறைவது அவற்றுள் ஒன்று. ஒரு குறியும் இல்லாதோரில் ஐந்தாண்டு வரை நோய் தலைதூக்காமல் இருந்தோர் நூற்றுக்கு 84 பேர். ஐந்தும் அதற்கு மேலும் உடையோரில் 42 பேர். சொற்பச் செலவில் எந்த ஊரிலும் செய்யக்கூடிய ஒரு சோதனை இவ்வளவு பேசுவது அலட்சியம் செய்யத்தக்கதன்று. மேலும், 1944இல் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்த வகை லிம்போமாவில், ஐஜிஎம் என்னும் புரதமே நோயின் அளவுகோல். அது பாதிக்குப் பாதியாகக் குறைந்தால் சிகிச்சைக்குப் பகுதிப் பலன் கிட்டியதாக வைத்தியர் குறிக்கின்றனர்.

எனினும், ஆல்புமின் குறைவதற்கு நோயின் உக்கிரம் ஒன்றே காரணமன்று. பட்டினி, ஈரல் கோளாறு, சிறுநீரில் புரதம் ஒழுகுதல், தொற்று ஆகிய யாவும் அதைக் குறைக்கும். கழுத்தில் நெறிகட்டி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு என்று லிம்போமாவின் வேஷத்திலேயே க்ஷயம் உலவும் நம் நாட்டில் இந்த மயக்கம் இரட்டிப்பாகிறது. ஆல்புமினில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ மூன்று வாரமாவதால், இன்றைய எண் சென்ற மாதத்துக் கதையையும் சேர்த்தே சொல்கிறது. ரிட்டுக்ஸிமாப் என்னும் மருந்து ஏற்றிய சில வால்டன்ஸ்ட்ரோம் நோயாளிகளுக்கு முதல் சில வாரங்களில் ஐஜிஎம் ஏறவும் செய்யும். அதை மருந்தின் தோல்வியென்று கருதி நிறுத்துவது பெரும்பிழை. சீரத்துக்குப் பதிலாக உறையாத பிளாஸ்மாவைச் சோதித்துவிட்டால், ஃபைப்ரினோஜன் பட்டை விழுந்து பொய்க்கோபுரம் ஒன்றைக் காட்டும்.

இவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. சிகிச்சைக்கு முன் காணும் ஆல்புமின், நோயாளிக் கூட்டத்தின் பொதுக்கதியை உணர்த்துமேயன்றி, இன்னாருக்கு இன்ன மருந்து பலிக்குமா என்பதை உரைக்காது. பழைய மருந்துக் காலத்தில் வகுத்த அந்த 84க்கும் 42க்கும் இடைப்பட்ட தூரம் பிற்காலச் சிகிச்சையில் கணிசமாகக் குறுகிவிட்டது. மருந்தின் பலனை நேரில் காட்டுவது, இரண்டு சுற்று கீமோவுக்குப் பின் எடுக்கும் பெட் ஸ்கேன். ஆனால் அது பெருநகரங்களில்தான் எளிதில் கிட்டும், செலவும் பன்மடங்கு.

ஆகவே, 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின்னும், ஸ்கேனுக்காகத் தொலைதூரம் போகவேண்டிய இவ்வட்டாரத்தாருக்குப் புரதப் பரீட்சை தேவையானதே; ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அதைத் திரும்பத் திரும்பச் செய்து, எண்கள் செல்லும் திசையை ஒப்பிடுவதும் தக்கதே. ஆல்புமின் 2.8 என்ற சீட்டு மேசைக்கு வந்ததும், பிழைப்பது அரிதென்று உறவினரைத் தனியே அழைத்துச் சொல்லும் வைத்தியர் அந்த எண்ணை வீணாக்குகிறார். நோயாளியைப் பார்த்து, “ராத்திரி சோறு இறங்குதாம்மா? சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா?” என்று கேட்பவர் அதை முழுதும் படித்தவர் ஆகிறார்.