விதிவிலக்கு கேட்பவர்கள்

1

செம்மேட்டுப் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் ஒரே மாலையில் இரண்டு வாக்கியங்களைக் கேட்க நேர்ந்தது. கல்லூரித் தோழன் டெக்சாஸில் வேலை பார்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர், 'அமெரிக்காக்காரன் நம்மள மாதிரி இல்லைங்கண்ணா, அவன் வேற மாதிரி' என்றார். சற்று நேரம் கழித்து, மிளகு விலை பேசி முடித்துவிட்டுக் கீழே இறங்கும் வண்டிக்காகக் காத்திருந்த சமவெளி வியாபாரி தன் கூட்டாளியிடம், 'மலைக்காரங்க நம்மள மாதிரி இல்லைங்க, அவங்க வேற மாதிரி' என்றார். பக்கத்தில் மலைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை.

முதல் வாக்கியத்தில் ஏக்கம், இரண்டாவதில் இளக்காரம். ஆனால் இரண்டின் இலக்கணமும் ஒன்றுதான். ஒரு மக்கள் கூட்டத்துக்கென்று ஒரு 'குணம்' இருக்கிறது, அதனுடைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் அந்தக் குணமே காரணம் என்று நம்பவைக்கும் இலக்கணம் அது. அமெரிக்கர்கள் மற்ற ஜனநாயக நாட்டு மக்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்கள் என்ற கேள்விக்கு ஏறத்தாழ 190 ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இலக்கணத்துக்குள்தான் இயங்குகின்றன. நம் பத்திரிகைகளுக்கு அமெரிக்கா என்றால் ஒன்று ஏகாதிபத்தியம், இல்லையென்றால் ஃபாக்னர். நடுவில் இருக்கும் இந்தக் கேள்வியை நாம் அவர்களிடமே விட்டுவிட்டோம். இது நம்மையும் பற்றிய கேள்வி என்பதால் அப்படி விட்டுவிட முடியாது.

2

1831இல் அமெரிக்கா சென்று ஒன்பது மாதங்கள் சுற்றித் திரிந்த அலெக்சி தொக்வில் என்ற இளம் பிரெஞ்சுப் பிரபு எழுதிய 'அமெரிக்காவில் ஜனநாயகம்' (1835, 1840) இந்தச் சொல்லாடலின் மூலநூல். பிரபுக்களும் பண்ணையடிமைகளும் இல்லாத சமத்துவம், தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் சிற்றூர், எதற்கெடுத்தாலும் சங்கம் அமைக்கும் பழக்கம், சுதந்திரத்தோடு சண்டை போடாத மதம், தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்ளும் தனிமனிதவாதம் ஆகியவற்றை அவர் அங்கே கண்டார். 1906இல் ஜெர்மானியரான வெர்னர் சோம்பார்ட் இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து கேட்டார்: இவ்வளவு தொழில்வளர்ச்சி பெற்ற நாட்டில் சோஷலிசம் ஏன் இல்லை? தொழிலாளிக்கு இறைச்சியும் ஆப்பிள் பணியாரமும் கிடைக்கின்றன, ஓட்டு இருக்கிறது, மேற்கே காலி நிலம் இருக்கிறது என்பதாகப் போயிற்று அவர் பதில். அந்த நிலம் எப்படிக் 'காலி'யானது என்பது அவரது கேள்வி அல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க வலதுசாரிகள் பெருமையோடு உச்சரிக்கும் 'விதிவிலக்குவாதம்' என்ற சொல் பரவலானது கம்யூனிஸ்ட்களின் உட்கட்சிச் சண்டையில், அதுவும் வசையாக. அமெரிக்க முதலாளியம் இப்போதைக்குச் சரியாது, இங்கே நிலைமை வேறு என்று வாதிட்ட ஜே லவ்ஸ்டோன் 1929இல் மாஸ்கோவில் ஸ்டாலினிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கட்சியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். 'வரலாற்றின் விதிகளிலிருந்து உங்களுக்கு மட்டும் விலக்கா?' என்பதுதான் குற்றச்சாட்டு. சில மாதங்களிலேயே பங்குச்சந்தை சரிந்தது வேறு கதை.

சீமோர் மார்ட்டின் லிப்செட்டின் 'அமெரிக்க விதிவிலக்குவாதம்' (1996) இந்த மரபைத் தொகுத்துத் தருகிறது. சுதந்திரம், சமத்துவம், தனிமனிதவாதம், வெகுமக்கள்வாதம், அரசுத் தலையீடின்மை என்று ஒரு 'அமெரிக்க மதம்' இருக்கிறதாம். அது இருபக்கமும் கூரான கத்தியாம். தன்னார்வத்தைத் தருவதும் அதுதான், குற்றத்தைப் பெருக்குவதும் அதுதான். நேர்மையான நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் இயல்களின் வரிசையைக் கவனியுங்கள். கறுப்பர்களுக்குத் தனி இயல், யூதர்களுக்குத் தனி இயல். அப்படியானால் மற்ற இயல்களில் 'அமெரிக்கர்' என்று சுட்டப்படுகிறவர் யார்? விதிவிலக்கான நாட்டுக்குள்ளேயே கறுப்பர் ஒரு விதிவிலக்கு ஆகிவிடுகிறார். மையத்தில் இருப்பவருக்கு நிறத்தைச் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை.

3

லிப்செட் கனடாவோடும் ஐரோப்பாவோடும் ஜப்பானோடும் வைத்து அளக்கிறார். அளவுகோலைச் செம்மேட்டில் ஊன்றிப் பார்த்தால் என்ன?

அமெரிக்கர்கள் மிகுந்த மதநம்பிக்கை உள்ளவர்கள் என்பது சுவீடன்காரருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஆடி மாதம் அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக மலையேறி வருகிறவர்களுக்கு அதில் என்ன ஆச்சரியம்? ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு குடும்பம் கடனாளியாகும் என்பதைக் கேட்டு ஜெர்மானியர் திகைப்பார். நகையையும் காட்டையும் அடகுவைத்துக் கீழே நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் வைத்தியத்துக்கு இறங்குகிறவருக்குத் திகைப்பு வராது. மரண தண்டனை, கொழுத்த ஏற்றத்தாழ்வு, நலிந்த தொழிற்சங்கம் எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகள். இந்தப் பக்கங்களில் அமெரிக்கா நமக்குப் பக்கத்து ஊர்.

இங்கிருந்து பார்க்கையில் விநோதமாகத் தெரிபவை வேறு. மக்கள்தொகையைவிடப் பொதுமக்கள் கையிலுள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகம் (2017 மதிப்பீட்டில் 39 கோடிக்கு மேல்). 3.9 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் 6 லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டே இடம். 2000த்திலும் 2016லும் குறைவான ஓட்டு வாங்கியவர் அதிபரானார். தேர்தலை நடத்தும் அதிகாரிகளில் பலர் கட்சிச் சின்னத்தில் ஜெயித்து வந்தவர்கள். வாக்குச்சீட்டு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. வாக்காளருக்கு 2 கி.மீ.க்குள் வாக்குச்சாவடி இருக்க வேண்டும் என்பதை நெறியாகக் கொண்ட தேர்தல் ஆணையத்துக்குப் பழகிய நமக்கு, 'உலகின் மூத்த ஜனநாயகம்' இவ்வளவு கரடுமுரடாக இருப்பது புரியாது.

இவற்றில் எதுவும் 'குணம்' அல்ல. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு சட்டத்திருத்தமும் அதற்குச் சொல்லப்பட்ட வியாக்கியானமும் இருக்கின்றன. செனட்டுக்குப் பின்னால் 1787இன் பேரம் இருக்கிறது. மக்கள் வேறு மாதிரி என்பதால் ஏற்பாடு வேறு மாதிரி ஆகவில்லை. ஏற்பாட்டைக் காப்பாற்றுவதற்காக மக்களே வேறு மாதிரி என்று சொல்லப்படுகிறது.

4

அந்தப் பேரத்தில் யார் விடப்பட்டார்கள்? பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகள் ஐந்துக்கு மூன்றாக எண்ணப்பட்டார்கள். 'வரி செலுத்தாத இந்தியர்கள்', அதாவது பூர்வகுடிகள், எண்ணிக்கையிலேயே வரவில்லை. 1865இல் அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தம்கூடக் குற்றத்துக்கான தண்டனை என்றால் கட்டாய உழைப்பு செல்லும் என்று ஒரு விலக்கு வைத்துக்கொண்டது. ஏறக்குறைய 18 முதல் 20 லட்சம் பேரைச் சிறையில் வைத்திருக்கும் நாட்டில் அந்த விலக்குக்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தொக்வில் 1831 டிசம்பரில் மெம்பிசில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நின்றபோது, முந்தைய ஆண்டு நிறைவேறிய வெளியேற்றச் சட்டத்தின்படி துரத்தப்பட்ட சாக்டாக்கள் கடுங்குளிரில் ஆற்றைக் கடப்பதைக் கண்ணால் பார்த்தார். எழுதியும் வைத்தார். ஆனால் பூர்வகுடிகளையும் கறுப்பர்களையும் பற்றிய அந்த நீண்ட பகுதி முதல் பாகத்தின் கடைசியில் வருகிறது. இவை அமெரிக்கா சம்பந்தப்பட்டவை, ஜனநாயகம் சம்பந்தப்பட்டவை அல்ல என்று அவரே பிரித்துவிடுகிறார். இந்தப் பிரிப்பில்தான் 'அமெரிக்க ஜனநாயகம்' என்ற தூய பிம்பம் உருவாகிறது என்பது என் வாசிப்பு.

பூர்வகுடிகள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1924இல்தான். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் அவர்கள் ஓட்டுப்போட 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்மாநிலக் கறுப்பர்களின் ஓட்டு 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே உறுதியானது. கொல்லிமலையின் ஆணும் பெண்ணும் 1951-52இன் முதல் பொதுத்தேர்தலிலேயே வாக்காளர்கள். இதைச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்த வேண்டாம், மீதிக் கதைக்குக் கீழே வருகிறேன்.

சோம்பார்ட்டுக்கு உண்மையான பதிலை எழுதியவர் டபிள்யூ.இ.பி. டூபோய்ஸ். கூலி குறைந்தாலும் வெள்ளைத் தொழிலாளிக்கு 'வெள்ளையன்' என்ற மரியாதை ஒரு உபரிக்கூலியாகக் கிடைத்தது, அதனால் கறுப்புத் தொழிலாளியோடு அவன் சேரவில்லை என்று 'கறுப்பு மறுகட்டுமானம்' (1935) நூலில் காட்டினார். இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு எதுவும் புதிதாக இருக்காது. காலனிகளுக்கு நடுவே சாதிச்சுவர் எழுப்பிய நாட்டில் இந்த உபரிக்கூலி தலைமுறை தலைமுறையாகப் பட்டுவாடா ஆகிக்கொண்டிருக்கிறது. கொலம்பியாவில் படித்த அம்பேத்கர் 1946இல் டூபோய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். நீங்கள் வேறு, நாங்கள் வேறு என்ற இலக்கணத்தை அந்தக் கடிதம் ஏற்கவில்லை.

5

2001 ஆகஸ்ட் 31இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு தொடங்கியது. இஸ்ரேலைக் கண்டிக்கும் வாசகங்களைக் காரணம் காட்டி அமெரிக்கா நான்காம் நாளே வெளியேறியது. இந்தியா வெளியேறவில்லை. உள்ளேயே இருந்து, சாதி என்பது இனவெறி அல்ல, அது எங்கள் உள்நாட்டு விஷயம், எங்கள் அரசமைப்பே அதைப் பார்த்துக்கொள்ளும் என்று வாதாடி, சாதி தீர்மானத்தில் இடம்பெறாமல் பார்த்துக்கொண்டது. தலித் இயக்கத்தினர் அரங்குக்கு வெளியே முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே மாநாட்டில் இரண்டு விதிவிலக்குகள். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1995இல் கையெழுத்திட்டும் அதை ஏற்புறுதி செய்யாத ஒரே ஐ.நா. உறுப்பு நாடு அமெரிக்கா. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கைக்கும் 1980 முதல் அதே கதி. விதிவிலக்கு என்பது ஒரு வர்ணனையே அல்ல, ஒரு கோரிக்கை என்பதை இங்கேதான் தெளிவாகப் பார்க்கிறோம். 'இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்காதே' என்பதே அதன் உள்ளடக்கம். இந்தியாவின் 'தனித்துவமும்' அதே கோரிக்கைதான்.

இரண்டு தனித்துவங்களும் சந்தித்துக்கொண்டதையும் பார்த்தோம். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் அதே ஆண்டு நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். இருக்கிற சட்டமே போதும் என்றார். டர்பனில் இந்தியா சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்.

6

இனி மலைக்குத் திரும்புவோம். வேற்றுமை பேசுவதெல்லாம் ஏமாற்று என்றால், மலையாளி மக்கள் 'நாங்கள் பழங்குடி' என்று கேட்பதும் அதே ஏமாற்றா? இல்லை. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் புறப்பட்டு வந்து மலைகளில் பிரிந்து குடியேறினார்கள் என்பது இம்மக்களின் தோற்றக் கதை (தர்ஸ்டன் 1909இலேயே இதைப் பதிந்திருக்கிறார்). செம்மேடு இருக்கும் ஊராட்சியின் பெயரே வாழவந்தி நாடு; 'வாழ வந்த' கதை அந்தப் பெயரில் காதுக்கு ஒலிக்கிறது. 1620இன் மேஃப்ளவர் கப்பலும் வாழ வந்தவர்களின் கதைதான். அந்தக் கதை ஒரு கண்டத்துக்குப் பட்டாவாயிற்று. இந்தக் கதைக்குச் சொந்தக் காட்டுக்கே பட்டா கிடைக்கவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்த பிறகும், உயர்நீதிமன்றத்தின் 2008 இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒரு சென்ட்கூட இல்லை. எனவே பழங்குடி கிராமசபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவே இல்லை. பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயரோடு சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை, பழைய ஆற்காடு மாவட்டங்கள் மட்டும் எழுதப்பட்டிருப்பதால், ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பட்டியலுக்கு வெளியே நின்று பல பதிற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலை மாறினால் இனம் மாறிவிடுமா?

அதற்காக மலையைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். நாட்டார், பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்றமைந்த நாட்டுக் கூட்டம், தொக்வில் வியந்த சிற்றூரைப் போலத் தன்னாட்சி கொண்டதுதான். அவர் வியந்த சிற்றூரைப் போலவே அதிலும் பெண்ணுக்கு இடமில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் இடஒதுக்கீடுதான் பெண்களைத் தலைவர் நாற்காலிக்குக் கொண்டுவந்தது. 'எங்க வழக்கம் வேற' என்று அங்கேயும் ஒருவர் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்கிறவர் கேட்பதும் விதிவிலக்குதான்.

ஆக, வேற்றுமையை மறுப்பதா ஏற்பதா என்பதல்ல விஷயம். பலமுள்ளவர் வேற்றுமை பேசுவது கணக்குக் காட்டாமல் தப்பிக்க. பலமற்றவர் வேற்றுமை பேசுவது கணக்கில் சேர்வதற்காக. இந்த அளவுகோலை நம் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். 'இது பெரியார் மண், இங்கே அதெல்லாம் நடக்காது' என்று நாமும் ஒரு விதிவிலக்குவாதம் வளர்த்து வைத்திருக்கிறோம். கீழ்வெண்மணி (1968), மேலவளவு (1997), வேங்கைவயல் (2022) என்று ஒவ்வொன்றையும் அந்த மண்ணுக்கு நேர்ந்த தற்செயலாகச் சொல்லிக் கடைசி இயலில் ஒதுக்கிவிட்டுப் போகிறோம். தொக்வில் செய்ததும் அதுதானே?

அன்றைக்கு அந்த இளைஞரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்: அமெரிக்காக்காரன் வேற மாதிரிதான் தம்பி, யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க முடிகிறது என்பதில். நீயும் வேற மாதிரிதான். பிறந்த ஊரில் வாழ்ந்துகொண்டே, மலையாளி என்று நிரூபிக்கக் கோட்டாட்சியர் கையெழுத்துக்கு அலைகிறாய். உன் மிளகுக்கு விலை சொல்லிவிட்டுப் போன அந்த வியாபாரியிடம் யாரும் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.